மாமனாரின் இதயம் இடம் மாறிய கதை

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது என் தொழில். இதயத்துக்குள் மின்சாரம் ஓடுகிறது, அது தடுமாறினால் நாங்கள் சரிசெய்கிறோம் என்று விளக்குவேன். (அரியலூரை அடுத்த செந்துறைப் பக்கம் இப்படி விளக்கினால், "அப்ப எங்க மோட்டாரையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்பார்கள்.) எத்தனையோ இதயங்களைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் சொந்தக்காரர்களிடையே என் பெயர் பரவியது ஒரே ஒரு இதயத்தால்தான். அது என் மாமனாருடையது.

தொண்ணூறுகளின் கடைசி. பெரம்பலூர்க்காரனான நான் சென்னையில் இதய மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். செந்துறையில் முந்திரித் தோப்பு வைத்திருந்த நடேசன் மாமாவின் மகள் தேன்மொழியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் செந்துறைப் பள்ளிக்கூடத்தில் இலவச இதய முகாம் ஒன்று வந்தது. நானும் போகிறேன் என்று முந்திக்கொண்டு கை தூக்கினேன். என் சேவை மனப்பான்மையைப் பலரும் பாராட்டினார்கள். தேன்மொழி அந்த ஊர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முகாமன்று மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார். வரப்போகிற மாப்பிள்ளையின் திறமையை ஊருக்குக் காட்ட வேண்டுமாம். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் மல்லாந்து படுத்தார். தேன்மொழி வாசல் தூணருகே பச்சைத் தாவணியில் நின்றாள். நான் ஈ.சி.ஜி. எடுக்கத் தொடங்கினேன். வலது கைக்குச் சிவப்பு வயர், இடது கைக்கு மஞ்சள் வயர். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். நான் கண்ணைத் திறந்துதான் மாட்டினேன். ஆனால் கண் தூண் பக்கம் இருந்தது.

காகிதம் வெளியே வந்தது. மேலே போக வேண்டிய கோடுகள் கீழே போயிருந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதைக் கண்டுபிடித்துவிட்டேனே! ஸ்டெதஸ்கோப்பை வலது மார்பில் வைத்தேன். துடிப்பு கேட்டது. (வைத்தால் கேட்கத்தான் செய்யும். என் துடிப்பும் அப்போது காதில்தான் இருந்தது.)

"மாமா, உங்களுக்கு இதயம் வலது பக்கம் இருக்கு" என்றேன், ஊருக்கே கேட்கும்படி.

"நெசமாவா மாப்ள? இத்தினி வருசமா அங்கியா இருந்துச்சு?"

"பயப்பட ஒண்ணுமில்ல மாமா. இது ரொம்ப அபூர்வம்."

நான் பஸ் ஏறுவதற்குள் செய்தி பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டில் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பொறக்குற புள்ளைக்கும் அப்படியே இருந்துட்டா என்னடா பண்றது? இந்த சம்பந்தம் வேண்டாம்டா."

அப்படியெல்லாம் வந்துவிடாது என்று எவ்வளவோ சொன்னேன். "நீதானடா அபூர்வம்னு சொன்ன?" என்று மடக்கினாள்.

சென்னைக்குத் திரும்பியதும், பெருமை அடங்காமல், அந்தக் காகிதத்தை எங்கள் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"மார்புல வச்ச வயரோட கோடெல்லாம் ஒழுங்கா இருக்கே, பாத்தியா? இதயம் அதும் எடத்துலதான் இருக்கு. நீதான் கையை மாத்தி மாட்டியிருக்க."

காதெல்லாம் சூடாகிவிட்டது. சொல்லாமல் இருந்தால் கல்யாணம் நின்றுவிடும். சொன்னால் மானம் போய்விடும். அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினேன். அரியலூரில் இறங்கி, செந்துறைப் பஸ்ஸில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனபோது, அந்தப் பஸ் போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

மாமா கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் படுத்தால் இதயம் நசுங்கிவிடும் என்று, பழக்கமில்லாத இடது பக்கமே படுத்துப் படுத்துச் சுளுக்கிக்கொண்டதாம். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேறு வேண்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தேன்மொழியின் அண்ணன் செந்தில்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"சோத்துக் கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாதவருக்கா நம்ம பொண்ணக் குடுக்கப் போறோம்?"

உள்ளேயிருந்து தேன்மொழியின் குரல் வந்தது.

"தப்புன்னு தெரிஞ்சதும் ஓடியாந்து சொல்லிட்டாருல்ல? சொல்லாம வுட்டிருந்தா நமக்குத் தெரியவா போவுது?"

மாமா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் வலது பக்கம் படுக்கலாமா மாப்ள?"

"தாராளமா படுக்கலாம் மாமா."

"அப்பக் கல்யாணம் நடக்கட்டும்டா. மனுசன் தூங்கணும்ல!"

இதயம் இடது பக்கம்தான் என்றதும் அம்மாவும் இறங்கிவந்தாள், கல்யாணம் நடந்தது. மணமேடையில் ஐயர் என்னிடம் வலது கையை நீட்டச் சொன்னபோது, "யாராச்சும் தொட்டுக் காட்டுங்கப்பா" என்று செந்தில் குரல் கொடுத்தான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. தாலி கட்டும்போது தேன்மொழியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் தெரியும், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்கள் கழித்து மாமாவுக்கு நிஜமாகவே துடிப்பு குறைந்தது. தோப்பில் மயங்கி விழுந்துவிட்டார். திருச்சியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் பேஸ்மேக்கர் வைக்க ஏற்பாடாயிற்று. சொந்தக்காரருக்கு நானே செய்வதில் எனக்குத் தயக்கம். சக மருத்துவரைச் செய்யச் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்ளயத் தவிர வேற யாரும் கை வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மேஜையில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, பார்த்த ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அதைக் கவனித்துவிட்டார். முகத்தைத் துணியால் மூடியதும் அதற்கு அடியிலிருந்து கேட்டார்:

"மாப்ள, எந்தப் பக்கம்னு ஒருவாட்டி நல்லாப் பாத்துட்டீங்களா?"

நர்ஸ்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். என் பதற்றமும் போய்விட்டது.

இப்போதும் யார் வீட்டுக்கு வந்தாலும், மாமா சட்டையை விலக்கி, இடது மார்பில் புடைத்திருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டுவார்.

"பாருங்க, சரியான பக்கத்துலதான் வெச்சிருக்காரு. மாப்ள இப்ப நல்லாத் தேறிட்டாரு!"