சுத்தமான ஒரு லிட்டர்

மருந்தே இருக்கக்கூடாத தண்ணீரில் வலி மாத்திரை தெரிந்தது. பெர்மெத் பரிசோதனைக் கருவியின் திரையை வெறித்தாள். சமவெளியாகக் கிடக்கவேண்டிய கோடு நடுவில் மலைபோல் எழும்பி நின்றது.

நகரத்து ஆற்றில் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துபடாத தண்ணீர் ஒரு லிட்டராவது வேண்டும். அதற்காக ஊருக்கு மேலே ஓடும் ஓடையில் பிடித்து வந்தாள். விரல் நீளக் குழலில் அடைத்த பொடி வழியே அதைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். கரைந்திருக்கும் மருந்து பொடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெத்தனால் விட்டுக் கழுவியெடுத்துக் கருவிக்குக் கொடுக்கவேண்டும். அரை நாள் வேலை.

ஆய்வுக்கூட இயக்குநர் துர்சுன்பெக் எட்டிப் பார்த்தார். "ஓடை சுத்தம். உன் கைதான் சுத்தமில்ல."

பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கையுறை புதிது, குழல் புதிது. டிரைவர் எசெனோடு ஆட்டு மந்தைகளையும் தாண்டி மேலே போய்ப் பிடித்துவந்தாள். இப்போது கோட்டில் மூன்று மலைகள். வலி மாத்திரைக்குத் துணையாக ரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும்.

"மேல போகப் போகக் கூடுதே, அண்ணே. எங்கயாவது உண்டா இப்படி?"

"மலைக்கே உடம்பு சரியில்ல போல" என்றார் எசென்.

இயக்குநர் சிரிக்கவில்லை. மறுநாள் அமைச்சகத்து ஆட்கள் வருகிறார்கள். சுத்தமான தண்ணீரைச் சுத்தமென்று காட்டத் தெரியாதவளிடம் இனி அந்தக் கருவி இருக்காது என்று சொல்லிவிட்டார்.

பெர்மெத்துக்குப் பயம் பாதிதான், மீதி, மலை எதையோ ஒளித்துவைத்திருக்கிறது என்ற பரபரப்பு.

"அப்ப ஓடை பிறக்கிற ஊத்துக்கே போயிடலாம். நீங்களும் வாங்க. உங்க கையாலயே பிடிங்க."

"ஊத்துக்கா?"

அவர் குரல் இறங்கிவிட்டது. நோயாளிகள் வந்து குணமாக வேண்டி துவா செய்கிற இடம், அங்கே புட்டியும் கையுமாக நிற்பது மரியாதையில்லை என்று என்னென்னவோ சொன்னார். அதற்குள் எசென் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

ஊற்றங்கரை மரத்தில் கட்டியிருந்த துணித்துண்டுகள் காற்றில் துடித்தன. துர்சுன்பெக் இறங்கவில்லை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயில் கூசுகிறதாம். வானத்தில் ஒரே மேகம்.

பெர்மெத் புட்டியோடு தண்ணீர்மேல் குனிந்தபோது, ஊற்றுக் காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து சலாம் சொன்னார்.

"அடடே, டைரக்டரய்யா. இந்தத் தடவையும் அட்டையோட போட்டுடாதீங்க, ஊத்து ஏத்துக்காது. குணமான மத்தவங்க மாதிரி மாத்திரையை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் தண்ணியில விடுங்க."