இருதயத்துக்கு நல்ல திராட்சை

மகள் லின்சிக்குப் பிரசவம் பார்க்க பெங்களூர் போன மனைவி இருதயம்மாளை, "வா" என்று தன் வாயால் கூப்பிடுவதில்லை என்று சிங்கராயர் சபதம் எடுத்திருந்தார்.

கூப்பிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கக் கூடாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அந்த அம்மாளைக் கூப்பிட்டதே இல்லை. தேவைப்படவும் இல்லை. ஒரு தரம் தொண்டையைக் கனைத்தால் தண்ணீர் வரும். இன்னொரு தரம் கனைத்தால் காபி வரும். இப்போது கூடம், சமையலறை, கொல்லை என்று எல்லா இடத்திலும் கனைத்துப் பார்த்தார். பல்லி மட்டும் திரும்பிப் பார்த்தது.

பேத்தி பிறந்தாள். ஞானஸ்நானம் ஆனது. கிறிஸ்துமஸ் போனது, பொங்கலும் போனது. வாசலில் கட்டிய நட்சத்திரத்தைக் கழற்றச் சொல்ல ஆளில்லாமல் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மன்னார்குடிக்கு வெளியே அவர் வயலில் சம்பா பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. மடைத் தண்ணீருக்குச் சண்டை போட்டால் நாலு ஊருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் 'வா' என்கிற ஒற்றை எழுத்து மட்டும் வரமாட்டேன் என்றது.

பக்கத்து வீட்டு வைரக்கண்ணுதான் வழி காட்டினார். போனில் எதையாவது படித்துவிட்டு, யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"அண்ணே, பாத்தீங்களா? சிவப்பு திராட்சை இருதயத்துக்கு ரொம்ப நல்லதாம்."

"அவளுக்கு எது நல்லதுன்னு உனக்கு ஏன்யா கவலை?"

"அய்யய்யோ, அண்ணியைச் சொல்லலண்ணே. நெஞ்சுக்குள்ள இருக்கிற இருதயம்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்ற சிங்கராயர், அது வெளியே கேட்டுவிட்டதே என்று பயந்துபோனார்.

வைரக்கண்ணு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. டாக்டர் தினம் சிவப்பு திராட்சை சாப்பிடச் சொன்னாருன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். எதுக்குச் சொன்னாரு, ஏன் சொன்னாருன்னு அவங்களுக்கு மண்டை குடையும். அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பாங்க."

சாயங்காலம் வீடியோ காலில் இருதயம்மாள் வந்தாள்.

"என்னங்க, முகம் வாடியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் தினம் சிவப்பு திராட்சை சாப்பிடச் சொன்னாரு. நெஞ்சுக்கு."

"நெஞ்சுக்கு என்ன? வலிக்குதா?"

"வலி இல்ல. ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கு."

இருதயம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்கியது. "சரி, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மறுநாள் சிங்கராயர் விடிந்ததும் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாசல் மணி அடித்தது. ஓடினார். பழக்கடை ஜாபிர் ஒரு பெட்டியோடு நின்றார்.

"அம்மா பெங்களூர்லேருந்து போன் பண்ணாங்கய்யா. தினம் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கச் சொன்னாங்க. மருந்து தெளிச்சிருப்பாங்களாம், உப்புத் தண்ணியில நல்லா அலசணுமாம்."

அன்றிலிருந்து தினமும் போன் முன்னால் உட்கார்ந்து திராட்சை தின்ன வேண்டும் என்று உத்தரவு.

"தோலை ஏன் துப்புறீங்க? சத்தே அதுலதான் இருக்காம். ரத்தக்குழாய்க்கு நல்லதாம்."

"கொட்டை கசக்குது."

"கசக்கட்டும். மெல்லுங்க."

சிங்கராயர் விடவில்லை. "ராத்திரி தூக்கமே வரல இருதயம்."

"தூக்கத்துக்கும் திராட்சை நல்லதாம். நாலு கூடப் போட்டுக்குங்க."

"பீரோ சாவியை எங்க வச்சேன்னே தெரியல."

"ஞாபக சக்திக்கும் நல்லதுன்னு லின்சி படிச்சுச் சொன்னா."

"வயித்துக்கு என்னமோ..."

"மலச்சிக்கலே வராதாம்."

வந்தது அதற்கு நேரெதிரானது. கொல்லைக்கும் கூடத்துக்குமாக அவர் அலைந்த அலைச்சலைக் கேட்டு, "நடைப்பயிற்சியும் ஆச்சு" என்றாள் அந்த மகராசி.

அவர் சொன்ன குறை ஒவ்வொன்றும் அவள் இல்லாத குறைதான். அவள் கையிலோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. "திராட்சைக்குச் சோறு வடிக்கவும் தெரிஞ்சுட்டா நான் வரவே வேணாம் போலிருக்கே" என்று அவள் சிரித்தபோது அவருக்குத் திராட்சை மேல் பொறாமையே வந்தது.

ஆனாலும் சாயங்காலமானால் போனைத் துடைத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒவ்வொரு பழத்தையும் மெல்ல மெல்ல மென்றார். கிண்ணம் காலியானால் அவள் போனை வைத்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் ஜாபிர் வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மா இனிமே வேணாம்னுட்டாங்கய்யா" என்றார் ஜாபிர்.

சிங்கராயர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டித் திட்டித் தின்ற பழம்தான். ஆனால் தின்றாரா, மென்றாரா, தோலைத் துப்பினாரா என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. இனி அதுவும் கிடையாதா? மடியில் பேத்தி கிடக்கும்போது கிழவன் நினைப்பு எதற்கு?

போனைப் போட்டார். படம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"முகம் ஏன் தெரியல?"

"நெட்டு சரியில்லங்க. சொல்லுங்க."

"திராட்சையை ஏன் நிறுத்தின?"

"தினம் திட்டிக்கிட்டேதானே தின்னீங்க?"

"திட்டினா நிறுத்திடுவியா?"

"சரி, நாளைக்கு மறுபடி அனுப்பச் சொல்றேன்."

"எனக்குத் திராட்சை வேணாம்."

"பின்ன என்ன வேணும்?"

சிங்கராயர் சுவரைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் சும்மா இருந்த நெஞ்சு இப்போது நிஜமாகவே படபடத்தது.

"வா" என்றார்.

"என்னங்க? கேக்கல."

"வான்னேன்."

"விட்டு விட்டுக் கேக்குது. உரக்கச் சொல்லுங்க."

மடைக்காகப் பழக்கிய குரல் உடைத்துக்கொண்டு வந்தது. "வாடி இருதயம்! நீ இல்லாம என்னால முடியலடி! கெளம்பி வா!"

கொல்லை மதில் மேல் வைரக்கண்ணுவின் தலை முளைத்தது. போனில் மூக்கை உறிஞ்சுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "கதவைத் தொறங்க" என்றாள்.

அந்த வார்த்தை போனிலும் வந்தது, வாசல் பக்கமிருந்தும் வந்தது.

திறந்தார். இருதயம்மாள் காதில் போனோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. பின்னால், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளைக் கூட்டிவந்த ஜாபிர் பெட்டி படுக்கையை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி... எப்ப வந்த?"

"இப்பதாங்க. மணியடிக்கக் கையைத் தூக்குறேன், உங்க போன் வருது" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா, நீங்க கூப்பிடாமலே உள்ள வந்திருப்பேன்."