பேய் அலையாத நாள்

"அன்னைக்கா? வாய்ப்பே இல்லம்மா. பேய் அலையாத நாள். ஊரே அன்னைக்குத்தான் வீடு மாத்துது," என்றார் பாங்.

வடக்கே இருந்த இஞ்சியோனிலிருந்து தென்கோடியிலிருந்த யோசுவுக்குச் சாமான் ஏற்றிப்போக ஓக்ஜின் கூப்பிட்ட மூன்றாவது நிறுவனத்தின் மேலாளர் அவர்.

"அப்போ மறுநாள் வெச்சுக்கலாமா?" என்று யோசுவிலிருந்த தங்கையிடம் கேட்டாள்.

"பேயும் லாரியில ஏறி வந்துடும்க்கா! அதுக்கு உன் மேல் வீட்டுக்காரியே மேல்."

மேல் வீட்டுக்காரியைவிடப் பேய் மேல் என்பது ஓக்ஜினின் கட்சி. தலைக்கு மேலே பிள்ளைகள் ஓடும், நாற்காலி இழுபடும். இவள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். புகார்கள் காவலாளி வழியாகவே ஏறி இறங்கின. கடல் தெரியும் ஜன்னலை விட்டுப் போவது தோல்விதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நிம்மதியான தூக்கத்துக்குமுன் கடல் சின்னதாகிவிட்டது.

மீண்டும் பாங்கைப் பிடித்தாள்.

"அன்னைக்குக் காலையில, ஜன்னல் வழியா சாமான் இறக்குற எங்க ஏணி வண்டி உங்க கட்டடத்துக்கே வருதும்மா. வேற வீட்டுக்காரங்க முந்திக்கிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல வேணா வரேன்."

"யோசு போய்ச் சேர இருட்டிடும். இருட்டினா அங்க சாமான் இறக்க விடமாட்டாங்க. அவங்களைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

"எனக்கு இதயம் பலவீனம்னு சொல்லுங்க."

"சொன்னேன். அவங்களுக்கு நரம்பே போச்சாம். இங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தா பைத்தியம் பிடிச்சிடுமாம்."

"வீட்டையே வேற ஆளுக்கு விட்டாச்சுன்னு சொல்லுங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

பொய். பொய் சொன்னால் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். வியர்வை அடங்க ஒரே வழி, அதை உண்மையாக்குவது. அன்றே தரகரிடம் போனாள். புதுமணத் தம்பதி ஒன்று ஜன்னலைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட்டது. இப்போது அவளுக்கு லாரியும் இல்லை, இங்கே வீடும் இல்லை.

மறுநாள் பாங்கே கூப்பிட்டார். "அதிசயம்மா! நீங்க யாரு, எவ்வளவு தூரம் போறீங்க, எல்லாத்தையும் விவரமா சொன்னேன். யோசுன்னதும் அந்தம்மா குரலே மாறிடுச்சு. 'பாவம், முதல்ல அவங்க போகட்டும்'னுட்டாங்க."

இத்தனை காலம் சக மனிதர்களை ஒரு கூரையின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்து எடைபோட்டுவிட்டோமோ? கிளம்பும் நேரத்தில், இப்படிப்பட்டவர்கள் வாழும் கட்டடத்தையா விட்டுப் போகிறோம் என்றிருந்தது. சிவப்புப் பயறு தூவிய அரிசி கேக் வாங்கினாள். அதே நாளில் காலி செய்ய இருந்த, முகம் தெரியாத அந்த நல்ல மனுஷியிடம் சேர்க்கச் சொல்லிக் காவலாளியிடம் கொடுத்தாள்.

அந்த நாள் விடிந்தது. ஏணி ஜன்னலில் சாய்ந்தது. அலமாரி, குளிர்பெட்டி, கடைசியாகக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி எல்லாம் இறங்கின. புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டிய சோற்றுக் குக்கரை மட்டும் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். லாரி உறுமியது. காவலாளி லாரி ஜன்னலருகே வந்தார்.

"கேக்கைக் கொடுத்துட்டேம்மா. அவங்க கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"தங்கமான மனசு. எனக்காக நின்னுட்டாங்க, பாவம். அவங்க என்னைக்குக் கிளம்பறாங்க?"

"அவங்க இனிமே ஏம்மா கிளம்பணும்? கீழ் வீட்டுல நீங்க இருக்கீங்கன்னுதானே பெட்டி கட்டினாங்க!"