கடல் காற்று வீசிய அறை

மாமியார் வீட்டில் தானாக நடப்பது போலத் தெரியும் எதுவும் தானாக நடப்பதில்லை. இது எனக்கு விளங்க எட்டு மாதமும், பிரதேச சபையின் ஒரு கமராவும் தேவைப்பட்டன.

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய்க் குடியிருப்பார். அப்படிப் போன நான், முதல் வாரமே அந்த வீட்டின் மின்சார அமைச்சராக என்னை நியமித்துக்கொண்டேன் (வாக்களித்தவர் யாருமில்லை). கரண்ட் பில் கூடக் கூட, மாமியின் ஃபிரிட்ஜையும் கிரைண்டரையும் சந்தேகித்துப் பிரசங்கம் செய்வேன். என் மனைவி ரிஸானா சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொள்வாள். மருமகனோடு நேருக்கு நேர் கதைக்காத மாமி, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "ஓம், மருமகன் சொல்றது சரிதான்" என்பார்.

அந்த நேரத்தில்தான் சபை வீட்டு மின்சாரச் சேமிப்புத் திட்டத்தை அறிவித்தது. வீடுகளைப் பரிசோதித்து, தெருவுக்கு ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து, கூரையின் கீழ் வெப்பம் தடுக்கும் தட்டு அடித்துக் கொடுப்பார்கள். மாமி சமைக்கும் குசினிக்குத் தகரக் கூரை. அவர் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"நோன்புக்கு முன்னுக்கு உங்கட குசினி குளிரும் மாமி" என்று சீலையைப் பார்த்து வாக்குக் கொடுத்தேன்.

விண்ணப்பத்தில் எங்கள் அறையைப் பற்றி இப்படி எழுதினேன்: 'ஏசி இரவில் ஒரு மணித்தியாலம் மட்டும். பகலில் கடல் காற்றினால் அறை இயற்கையாகவே குளிர்ந்திருக்கும்.' பொய்யில்லை, நம்பித்தான் எழுதினேன். தினமும் பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தால் அறை ஜில்லென்றிருக்கும். (ஜன்னல் சாத்தியிருக்கிறதே, காற்று எந்த வழியால் வந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நான் ஒரு பட்டதாரி.)

பரிசோதனை நாளன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, என் பைக்கை அலுவலகத்திலேயே விட்டு, சபை வாகனத்தில் ஏறிப் பெருமையாக வந்து இறங்கினேன். வந்த அதிகாரி தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு மிஸ். கையில், சூட்டை நிறமாகக் காட்டும் கமரா.

முதலில் குசினி. மாமி உள்ளே நின்றதால் நான் வெளியே நின்று கமராவின் திரையை மட்டும் பார்த்தேன். திரையில் கூரை மஞ்சளாக எரிந்தது. சுவர்கள் செக்கச் சிவப்பு.

"மாமி எங்க மிஸ், திரையில காணல்லியே?" என்றேன்.

"அடுப்படியிலதான் நிக்கிறாங்க. சுவரும் அவங்கட உடம்பும் ஒரே சூடு. அதான் கமராவுக்குப் பிரிச்சிக் காட்டத் தெரியல்ல."

எனக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்ட மனுஷி, சமைக்கும் இடத்தின் சூட்டுக்குள்ளேயே கரைந்துபோய் நின்றார்.

அடுத்து எங்கள் அறை. திரை முழுக்கக் கருநீலம். ஆளில்லாத கட்டிலுக்கு மேலே ஏசி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவா தம்பி, நீங்க எழுதின கடல் காத்து?" என்றார் மிஸ்.

சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. "வேலைக்குப் போய்த்து வாற மனிசன் வெக்கையில கிடக்க ஏலுமா? மத்தியானம் போட்டுருவன். பைக் சத்தம் கேட்டா நிப்பாட்டிருவன். இண்டைக்குச் சத்தம் கேக்கல்ல."

எட்டு மாதம். தன் குசினிக்கு ஒரு ஃபேன்கூடக் கேட்காதவர், என் பிரசங்கங்களையும் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்காகக் காற்றைச் செய்து வைத்திருக்கிறார். வெட்கத்தைவிட மலைப்புத்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

"பிழையான தகவல் தந்த வீட்ட லிஸ்ட்டிலிருந்து எடுக்கணும்" என்றார் மிஸ்.

மாமியின் குசினி கைவிட்டுப் போகிறதே என்று பதறி, விண்ணப்பத்தை வாங்கி, கடல் காற்று வரியை வெட்டிவிட்டு எழுதினேன்: 'இந்த வீட்டில் மின்சாரத்தை வீணாக்குபவர் விண்ணப்பதாரரே.' மிஸ் வாசித்தார், சிரித்தார், கையெழுத்திட்டார்.

நோன்புக்கு முந்தின வாரம் குசினிக்குத் தட்டு அடித்தார்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாரும் ஏசி என்று சொல்வதில்லை. "கடல் காத்த நிப்பாட்டல்லியா?" என்றுதான் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். சீலையும் எப்போதோ போய்விட்டது. நான் வேலையால் வந்து இறங்கும்போது மாமி வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்தே கேட்பார்:

"மருமகன், கடல் காத்தப் போடவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்க் குந்திக்கொள்வேன்.