அத்திமரத்தை உடனே வெட்டவும்

டிபுர் நகரில் எண்ணெய் வியாபாரம் செய்துகொண்டு, எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிய நாள் முதலாக எடை கூடிக்கொண்டே போகும் மாப்பிள்ளை விபுலேனஸ் அவர்களுக்கு, ரோமாபுரியில் சக்கரவர்த்தியின் மனு அலுவலகத்தில் தலைமை எழுத்தனாக இருக்கும் மைத்துனன் டெலஸ்போரஸ் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் வலி, சக்கரவர்த்தி எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் என் தங்கை ஸ்பெண்டூசாவும் குழந்தைகளும் அவ்வாறே இருக்க ஜூபிடரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் உங்கள் அத்திமரம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதை அடியோடு வெட்டிவிடவும். பயந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஜெயித்துவிட்டு எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பிறகு வந்து உட்காரலாம் என்று நான் வாங்கிப்போட்ட வீட்டின் சுவரை அதன் வேர் பிளந்தபோது பொறுத்துக்கொண்டேன். பழம் என் பக்கம் விழுந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து பொறுக்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது என்று கூடையோடு நுழைந்தீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பழம் பொறுக்க வந்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே வைத்திருக்கும் சமையல்காரியிடம் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, என் கட்டிலிலேயே ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்ட அன்றுதான், சக்கரவர்த்தியிடமே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

போவது என்றால் எனக்கு நாலு எட்டு. விடியுமுன் எழுந்து, காய்ந்த ரொட்டியைப் பாலாடைக்கட்டியோடு கடித்துவிட்டு, நாவிதனிடம் கன்னத்தைக் கொடுத்தபடியே நான் நீட்டும் மனுக்களின் அடியில் 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை கிறுக்குகிறவர் சக்கரவர்த்தி. அந்த வார்த்தைக்கு மேலே இருக்கும் பதிலை முழுக்க எழுதுவது அடியேன். எகிப்தில் கால்வாய் வெட்டுவதும் ஸ்பெயினில் ஒருவன் கல்யாணம் செல்லாமல் போவதும் என் கையில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு விதவை ஃபாபிலா என்று இல்லாத ஒருத்தியின் பெயரை வைத்து மனுவை நானே எழுதி, 'மரத்தை வெட்டுக' என்ற பதிலையும் நானே எழுதி, கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து நாவிதன் வெந்நீர் மாற்றப் போய்விட்டான். பொழுது போகாத சக்கரவர்த்தி அதை எடுத்துப் படித்துவிட்டார்.

"ஏம்ப்பா, கிளை எத்தனை அடி உசரத்துல தொங்குது?"

"அதெல்லாம் தெரியலீங்க பிரபு. பாவம் விதவை, வெட்டச் சொல்லிடலாமே."

"அதெப்படி? பதினஞ்சு அடிக்குக் கீழ இருக்குற கிளையைத்தான் வெட்டலாம். இத்தனை வருஷமா இங்க என்னய்யா குப்பை கொட்டுற?"

அவ்வளவுதான். இரண்டு சட்ட நிபுணர்களைக் கூப்பிட்டு மதியம் வரை வாதாட விட்டார். பார்த்தியா நாட்டிலிருந்து வந்த தூதர்கள் பரிசாகக் கொண்டுவந்த சிறுத்தைகளோடு முன்கூடத்தில் நின்றார்கள். சிறுத்தைக்குப் பசி வந்ததும் தூதர்கள் மட்டும் வெளியே வந்து நின்றார்கள். குளிக்கும்போதும் மரம், விருந்தில் சாய்ந்து படுத்தபோதும் மரம். காவற்படைத் தலைவர் மெதுவாக, "பிரபு, டான்யூப் எல்லையில..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருய்யா. டான்யூப்புக்கு நான் ஒரு உத்தரவு போட்டா போய்ச் சேர ஒரு மாசம். சேர்றப்போ அங்க கோட்டையும் இருக்காது, தளபதியும் இருக்க மாட்டான். இது ஒரு மரம், பக்கத்து ஊரு. நானே போயி அளந்து, நானே தீர்ப்புச் சொல்லி, அது நடக்குறதை என் கண்ணால பாக்கப்போறேன். இத்தனை வருஷத்துல எனக்கு அப்படி ஒண்ணுகூட வாய்க்கலய்யா."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் யோசித்ததில் என்னை நினைத்தும் பாவமாக இருந்தது. இன்னும் நாலு நாளில் அளவுகோலோடு வருகிறார். வந்ததும் விதவையைக் கூப்பிடுவார். விதவைக்கு நான் எங்கே போவேன்? பொய் மனு போட்ட எழுத்தனைச் சுரங்கத்துக்குக் கல் உடைக்க அனுப்புவார்கள். அதனால் என்ன? மரம் இல்லையென்றால் வழக்கு இல்லை, வழக்கு இல்லையென்றால் விதவையும் இல்லை. எல்லாம் எப்போதோ யோசித்து வைத்துவிட்டேன், தாங்கள் கவலைப்பட வேண்டாம். வேரையும் தோண்டி எறிந்துவிட்டு மேலே கீரை விதைத்துவிடவும்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் வீட்டுக் காவல் தெய்வங்களுக்கு என் பங்குக்கும் ஒரு பிடி உப்பும் மாவும் போடவும். தாங்கள் தீர்க்காயுசாகவும், கொஞ்சம் மெலிந்தும் வாழ்க.

இப்படிக்கு,
உலகத்தில் பாதியை ஆளும் மைத்துனன்
டெலஸ்போரஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் படிக்க வேண்டாம். முத்திரை வைக்க மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது சக்கரவர்த்தி கூப்பிட்டு அனுப்பினார். "பன்னெண்டு வருஷமா தினமும் உன் எழுத்தைப் பாக்குறேன். அந்த விதவைக்கும் அச்சா அதே எழுத்து எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்டார். காலில் விழுந்தேன். "எந்திரி. போனாப் போகுது, எனக்கு ஒரு நல்ல வழக்கைக் கொண்டாந்திருக்க. நான் வர்றவரைக்கும் மரம் அப்படியே நிக்கணும், அவ்வளவுதான். ஒரு கிளை குறைஞ்சாலும் நீ சுரங்கத்துக்குப் போக வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அலுவலக வழக்கப்படி இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருந்தேன். முதல் பிரதி விடியற்காலையிலேயே அரசாங்கக் குதிரையில் போய்விட்டது. தாங்கள் கையில் வைத்திருப்பது கோவேறு கழுதையில் வரும் இரண்டாவது பிரதி. மாப்பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையையாவது நீங்கள் காதில் போட்டுக்கொண்டதுண்டா? கிடையாது. அதைச் சொல்லித் தங்கையிடம் எத்தனை தடவை அழுதிருக்கிறேன்! உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், இந்தத் தடவையும் நான் சொன்னதைக் கேட்காமல் இருந்திருங்கள்.