என் கணவர் இறந்த செய்திக்கு ஒரு திருத்தம்

சிவமயம்

வெள்ளவத்தை,
வெகுதானிய வருடம் புரட்டாதி மாதம் 20ஆம் நாள், வியாழக்கிழமை.

எங்கள் வீட்டுக்கு நாள்தோறும் வரும் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு, முகத்துவாரத்தில் நீரில் மூழ்கி இறந்ததாகத் தாங்கள் அறிவித்த ஓய்வுபெற்ற கிளாக்கர் சுந்தரலிங்கம் அவர்களின் மனைவி சிவமணி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் இறந்தவரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் தங்கள் அச்சுக்கூடத்தாரின் சுகத்துக்கும் கதிர்காமக் கந்தன் துணை.

ஐயா, நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவளல்ல. மிச்சத்தைத் தேவாரப் புத்தகத்திலும் தங்கள் பத்திரிகையிலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். ஆகையால் அச்சில் ஏறியது பொய்யாகாது என்பது என் எண்ணம். திங்கட்கிழமை காலை மூன்றாம் பக்கத்தில் அந்தச் செய்தியைப் படித்தபோது இவர் எனக்கு எதிரே இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருந்தும் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே பதித்து ஒரு தரம் எட்டிப் பார்த்தேன் என்றால் தங்கள் பத்திரிகையில் எனக்குள்ள மதிப்பைத் தாங்களே விளங்கிக்கொள்ளலாம். செய்தி மொத்தம் பதினொரு வரி. நாயைப் பற்றி ஏழு வரி, இவரைப் பற்றி மூன்றரை வரி, என்னைப் பற்றி அரை வரி. "அவருக்கு ஒரு மனைவி உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்று சரி. வயது அறுபத்தொன்று என்றது பிழை, ஐம்பத்தைந்தும் ஐந்து மாதமும். "அவருடைய விசுவாசமுள்ள நாய்" என்றது பெரும் பிழை. விரதம் பிடிக்கிற வீடு இது. இங்கே நாய் வளர்க்கிற வழக்கமே இல்லை. "சில மாதங்களாக மனச்சோர்வுற்றிருந்தார்" என்றதைப் பற்றி இறுதியில் எழுதுகிறேன்.

அந்த நாய் கொட்டாஞ்சேனை வின்சன்ற் அவர்களுடையது. வின்சன்றும் இவரும் ஒரே கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். நாய்க்குப் பெயர் ஹட்சன். அது முன்னாளில் வின்சன்றுக்கு லீவு கொடுக்க மறுத்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயராம், இப்போது பென்சன் எடுத்தபிறகு ஒரு நாளைக்கு இருபது தரம் "ஹட்சன், இரு! ஹட்சன், எழும்பு!" என்று அதட்டி அந்த மனுசன் மனம் ஆறுகிறார். அவர் வந்துதான் இவருடைய மனதைக் கெடுத்தது. "மச்சான், புரட்டாதி மழைக்குக் களனி ஆத்து வாயிலை கொடுவா மீன் ஏறும். பத்து றாத்தலுக்குக் குறையாது. வாரும், தூண்டில் என்ரை" என்றார். நான் உள்ளே இருந்தபடியே, "புரட்டாதி மாதம் இந்த வீட்டிலை மச்சம் இல்லை. மீன் மணத்தோடை ஒரு முழத் துணி வாசலுக்குள்ளை வந்தாலும் நான் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகேலாது" என்று கேட்கும்படியாகவே சொன்னேன். இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது, ஐயா. யாருக்காக எரிக்கிறேன்? இவருக்காகத்தான். இவரோ மூன்றாம் சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு எழும்பி, குளித்து, விபூதி பூசி, வேட்டி, கோட்டு, சால்வை எல்லாம் ஒழுங்காக உடுத்திக்கொண்டு மீன் பிடிக்கப் போனார். மீன் பிடிக்கக் கோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நடந்தவற்றை இவர் சொல்லியும் வின்சன்ற் சொல்லியும் நான் என் கணக்குக் கொப்பியில் நேரவாரியாகக் குறித்திருக்கிறேன். முகத்துவாரக் கரையில் யாரோ ஒருவருடைய வள்ளத்தை வின்சன்ற் இரவல் வாங்கியிருந்தார். ஹட்சன் வள்ளத்தில் ஏறினால் குரைத்து மீனைக் கலைக்கும் என்று அதைக் கரையில் விட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமோ? நான் மீன் மணத்தைப் பற்றிச் சொன்னதை நினைத்து, கோட்டு, வேட்டி, சால்வை எல்லாவற்றையும் கழற்றி, நான் மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து, கல்லின்மேல் அடுக்கி, அதன்மேல் கூட்டில் போட்ட மூக்குக்கண்ணாடியையும் விபூதிப் பையையும் வைத்து, பக்கத்தில் செருப்பைச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, கோவணத்தோடு வள்ளத்தில் ஏறினார். "ஹட்சன், காவல் இரு" என்று சொல்லி வின்சன்றும் ஏறினார். அவர் காற்சட்டையும் சேட்டும் போட்டபடியே போனார். யோசெப்பின் என்கிற அவருடைய மனைவி மீன் மணத்துக்கு ஒன்றும் சொல்வதில்லை.

எட்டரைக்குத் தூண்டிலில் ஒரு கொடுவா கொழுவியது. அது வந்த மீன் அல்ல, இழுத்துக்கொண்டு போன மீன். இவர் எழுந்து நிற்க, வின்சன்ற் "இரும், இரும்!" என்று கத்த, நாய்க்குச் சொல்கிறாரோ தனக்குச் சொல்கிறாரோ என்று இவர் யோசிக்க, துடுப்பு தண்ணீரில் போய்விட்டது. தூண்டில் அறுந்தது, ஆற்றுநீர் வள்ளத்தைச் சுழற்றிக்கொண்டுபோய் அக்கரையில் ஹெந்தளைப் பக்கத்துக் கண்டல் சேற்றில் செருகியது. ஏறி நடந்தால் ஒரு தென்னந்தோட்டம், அதற்கப்பால் றோட்டு, றோட்டில் சந்தைக்குப் போகிற பெண்கள். வின்சன்ற், "வாழையிலை ஒண்டைக் கட்டிக்கொண்டாவது வாரும், மச்சான்" என்றாராம். இவர், "முப்பத்திமூண்டு வருஷம் கோட்டில்லாமல் றோட்டிலை கால் வைச்சவன் இல்லை. இருட்டட்டும்" என்றாராம். நான் போய் உடுப்பு வாங்கிவருகிறேன் என்று வின்சன்ற் எழும்ப, தனியே கோவணத்தோடு அந்நியர் தோட்டத்தில் இருக்கமாட்டேன் என்று இவர் அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாராம். இப்படியாக இரண்டு அரசாங்க பென்சன்காரர் ஒரு தென்னை மரத்தடியில் மாலைவரை குந்தியிருந்தார்கள்.

இக்கரையில் ஹட்சன் மத்தியானம்வரை பொறுத்திருந்து, பிறகு ஆற்றைப் பார்த்து ஊளையிடத் தொடங்கியது. நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனம் கூடிவிட்டது. ஒழுங்காக மடித்த உடுப்பும் மேலே விபூதியும் கண்டால் யார்தான் என்ன நினைப்பார்கள்? கிட்டப் போனவரையெல்லாம் நாய் கடிக்க வந்ததாம். கடைசியில் பொலிஸ்காரர் சாக்கைப் போட்டு அதை அமுக்கிவிட்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் நான் என் கையால் எழுதி ஒட்டியிருந்த விலாசத்தைப் பார்த்து, இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த மடிப்புக் குலையாமல் உடுப்பை எங்கள் வாசலில் கொண்டுவந்து நீட்டினார்.

ஐயா, இரண்டு மணி ஐந்து நிமிடத்திலிருந்து ஆறு மணி ஐம்பது நிமிடம்வரை, நாலே முக்கால் மணித்தியாலம் நான் விதவையாக இருந்தேன். என் நெற்றிப் பொட்டை அழிக்க ஒருத்தி கை நீட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு ருக்கியா ஒருத்திதான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "அழுவாதீங்க அக்கா, மய்யித்தக் கண்டாத்தானே மவுத்து" என்றாள். சடலத்தைக் கண்டால்தானே சாவு என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் தங்கள் நிருபர் கொப்பியும் பென்சிலுமாக வந்தார்.

"அம்மா, ஐயாவுக்கு ஏதும் கவலை இருந்ததோ?"

நான் சொன்னேன். மறைக்கவில்லை. வைகாசியில் பென்சன் எடுத்தநாள் தொட்டு இவர் விடிய எழும்பிக் கோட்டுப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருப்பார், எட்டுப் பத்துக்கு இவர் முன்பு கந்தோருக்குப் போன கோட்டை ஸ்டேசன் ரெயில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டும், அது போய்ச் சத்தம் அடங்கினபிறகு கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வந்து கோப்பி கேட்பார், வேறு கதை இல்லை, நானும் கேட்பதில்லை என்று சொன்னேன். மீன் மணத்துக்கு நான் பேசியதையும் சொன்னேன். பேசினதால்தான் போனார் என்றும் சொன்னேன். அழுகிறபோது சொன்னதெல்லாம் வாக்குமூலமோ, ஐயா? அச்சில் போடுவதற்கோ ஒரு மனுசி அழுகிறது?

ஆறு ஐம்பதுக்கு இவர், பின்னேரம் அந்தத் தோட்டத்துக்கு வந்த ஒரு சிங்களக் கிழவர் கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு வின்சன்றோடு படலையைத் திறந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டார். பொலிசுக்கு அன்றைக்கே அறிவித்தோம். பத்திரிகைக்கும் அறிவிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அதனால் திங்கட்கிழமை முழுவதும் இவருடைய துக்கத்துக்கு இவரே படலை திறந்துவிட்டார். கண்ணில் பூ விழுந்த பழைய பெரிய கிளாக்கர் வரதராசா தட்டித் தடவி வந்து இவருக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

"நல்ல மனுசன், தம்பி. கை சுத்தம். ஆனால் ஒரு கடிதத்தைக் குடுத்தால் மூண்டு நாள் வைச்சுப் பார்ப்பார்."

"ரெண்டு நாள்" என்றார் இவர்.

"நீர் ஆர்?"

"நான்தான் சுந்தரலிங்கம்."

"ஓ, அவரின்ரை தம்பியோ? அதே குரல்" என்று இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பால்கோப்பி கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை விடிய யாழ்ப்பாணத்திலிருந்து என் தமையனார் தன்னோடு சேர்த்துப் பதினொரு பேராக மெயில் ரெயிலில் வந்து இறங்கினார். வாசலில் இவரைக் கண்டு, "மச்சான், இருக்கிறீரோ?" என்றார். "இருக்கிறன்" என்றார் இவர். "அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று அண்ணா திரும்பி என்னைக் கேட்டார். அந்தப் பதினொரு பேரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் குசினி அடுப்படியில் இருந்து இதை எழுதுகிறேன். வின்சன்றும் வந்து எல்லாருக்கும் அந்தக் கொடுவாவின் கதையைச் சொல்கிறார். சனிக்கிழமை பத்து றாத்தலாய் இருந்த மீன் இன்றைக்குப் பதினெட்டு றாத்தல்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து திருத்தம் ஒன்று பிரசுரிக்க வேண்டும். இவர் இறக்கவில்லை. வயது ஐம்பத்தைந்து. நாய் எங்களுடையதல்ல. முக்கியமாக, மனச்சோர்வு என்று எழுதியது முழுப் பொய். இவருக்கு ஒரு குறையும் இல்லை. மாதம் பிறந்தால் பென்சன் வருகிறது, நேரத்துக்குச் சாப்பாடு, படுத்தால் நித்திரை, பேச்சு எப்போதும் குறைவுதான். ரெயிலைப் பார்ப்பது சோர்வென்றால் வெள்ளவத்தையில் ஒருவரும் தேறமாட்டார்கள். இவர் மனமகிழ்ச்சியோடு காலங்கழிக்கிறார் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். மேலும், அந்த நாயும் தூண்டிலும் இனி எங்கள் படலை தாண்டக்கூடாது என்று வின்சன்றுக்குச் சொல்லிவிட்டேன் என்பதையும் தாங்கள் அறிக.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், அதில் பெயர் வருகிறவர்கள் அதைத் தாங்களே படிக்கும் ஆயுளோடு இருக்கவும் சிவபெருமானை வேண்டும்,

சிவமணி சுந்தரலிங்கம்

பி.கு.: கடிதத்தில் பிழை இருக்குமோ என்று இவரிடம் கொடுத்தேன். முப்பத்துமூன்று வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவர். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு யன்னலடியில் இருந்து மூன்று தரம் படித்தார். ஹெந்தளைக்கு ஒரு எழுத்துத் திருத்தினார். பிறகு "முக்கியமாக" என்பதில் தொடங்கி "பெரிய எழுத்தில் போட வேண்டும்" என்பதுவரை ஒரே கோடாக வெட்டினார்.

"இஞ்சாருங்கோ, ஏன் அதை வெட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பொய்யை ஏன் எழுதவேணும்?" என்றார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தோம். வைகாசிக்குப் பிறகு அவ்வளவு நேரம் கதைத்தது இன்றைக்குத்தான். அந்தத் தென்னை மரத்தடியில் வின்சன்றோடு எட்டு மணித்தியாலம் கந்தோர்க் கதை கதைத்ததாகவும், தண்ணீர்த் தாகத்தைத் தவிர வேறு ஒரு குறையும் தெரியவில்லை என்றும் சொன்னார். நாளை மறுநாள் வின்சன்ற் நாயோடு வருகிறார். நான்தான் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை, பதினொரு பேருக்குச் சமைக்க வேண்டும். வெட்டோடேயே அனுப்புகிறேன். மனச்சோர்வு என்ற வரியைத் தாங்கள் திருத்த வேண்டாம், ஐயா. அவர் இறந்ததை மட்டும் திருத்தினால் போதும்.