மீன் பெட்டிக்குள் ஓர் ஆலங்கட்டி

எல்லா மனிதர்களும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூரையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். கூரையைப் பார்த்துவிட்டு வானத்தை முறைக்கிற ஒரே மனிதர் எங்கள் அண்ணனூர்த் தெருவில்தான் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஸ்டேஷனில் இறங்கி "ஆலங்கட்டியார் வீடு" என்று கேட்டால் போதும், பூ விற்கிறவர்கூட வழி சொல்லிவிடுவார்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்த அன்று லாரியிலிருந்து கட்டில் இறங்கவில்லை, பீரோ இறங்கவில்லை. முதலில் ஏணி இறங்கியது. அடுத்து ஒரு மூட்டை நைலான் கயிறு. சாமி படம்கூட அதற்கப்புறம்தான். உள்ளே அவர் மனைவி பால் காய்ச்சி முடிப்பதற்குள் இவர் பக்கத்து வீட்டுக் கூரை மேல் இருந்தார். பக்கத்து வீடு என்னுடையது.

நான் யாருடனும் எளிதில் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் வருவதற்கு முன்பே இறங்குகிற இடத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்படியும் நேரில் கேட்டால் நாக்கு குழறும். தலைக்கு மேல் யாரோ நடக்கிறார்களே என்று வெளியே வந்தேனே தவிர, யார் நீங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே கேட்டார்.

"இன்னா தம்பி, ஷீட்டு மேல ஆட்டுக்கல்ல ஏத்தி வெச்சிக்கீற?"

"காத்துக்கு..."

"காத்து வந்தா கல்லு இன்னா பண்ணும்?"

"ஷீட்டப் புடிச்சிக்கும்."

"ஷீட்டப் புடிக்காது. ஷீட்டோட பறந்து போயி எதிர் ஊட்டுக்காரன் மண்டையப் புடிக்கும். கூரை மேல எது இருந்தாலும் கட்டிக்கினு இருக்கணும். கட்டாதது எறங்கணும். எறக்கு!"

இறக்கினேன். அன்று ஆரம்பித்தது. தெருவில் இருந்த சிமெண்ட் ஷீட் வீடுகள் அத்தனையிலிருந்தும் ஆட்டுக்கல், அம்மி, பழைய டயர், ஓடாத டி.வி. எல்லாம் வரிசையாகக் கீழே வந்தன. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து தையல் மிஷின் ஒன்று இறங்கியது. அது காணாமல் போய்விட்டதாக அந்த வீட்டில் பல காலமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

கத்திரி வெயிலுக்கு முன்னால் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை என்று அவர் சோதனைக்கு வருவார். ஷீட்டில் நேராகக் காலை வைக்க மாட்டார். பலகை போட்டுத்தான் நடப்பார். ஷீட்டைக் கம்பியோடு கொக்கி போட்டுப் பிடிக்கிற ஜே போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் ஒரு கரண்டியால் தட்டிப் பார்ப்பார். "டங்"கென்றால் அடுத்ததற்குப் போவார். "டொக்"கென்றால் முடுக்குவார். வாஷர் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் பழைய ஹவாய்ச் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர் உட்காரும், மேலே தார் பூசப்படும். எங்கள் தெருவில் பிய்ந்த செருப்பை யாரும் குப்பையில் போட்டதில்லை. பிய்யாத செருப்பை வாசலில் விட்டதும் இல்லை.

இதற்கெல்லாம் அவர் கூலி கேட்க மாட்டார். பதிலுக்கு ஆலங்கட்டி மழையைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பிறந்தது ஓசூர் பக்கம். அங்கே பெய்த ஆலங்கட்டி மழையில் அவர்கள் வீட்டு ஓடு முழுவதும் நொறுங்கிப் போனதாம். நான் முதல் தடவை கேட்டபோது கட்டி ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு இருந்தது. அடுத்த கத்திரிக்கு எலுமிச்சம்பழமானது. பிறகு சாத்துக்குடி. கடைசியாகக் கேட்டபோது தேங்காய்.

"தேங்கா சைஸுல உழுந்தா மாடு செத்துப் பூடுமே, அண்ணாத்தே?" என்றாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா. மீன் விற்கிறவள். எந்தக் கதையிலும் மாடு என்ன ஆனது என்று கேட்கிறவள்.

"மாட்டயெல்லாம் உள்ள கட்டிட்டோம்."

"மழ வர்றதுக்கு முன்னாடியேவா?"

"மாட்டுக்குத் தெரியும், கன்னியம்மா. மனுசனுக்குத்தான் தெரியாது. ஒரு நாளு இங்கயும் பேயும். அப்ப நீ இந்த ஆலங்கட்டிய நெனப்ப."

பெய்தால் என்ன செய்வது என்பதற்காக ஷீட்டுக்கு ஒரு முழம் உயரத்தில் நர்சரிகளில் போடுகிற பச்சை வலையை இழுத்துக் கட்டினார். கட்டி வலையில் விழுந்து துள்ளும், ஷீட்டில் இடிக்காது என்பது கணக்கு. அண்ணனூரில் ஆலங்கட்டிக்கு வலை கட்டியது பாலைவனத்தில் படகு வாங்கிய மாதிரி எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கன்னியம்மா தன் பாத்ரூம் கூரையிலிருந்த வலையை அவிழ்த்துக் கருவாடு மூடினாள்.

சிரித்தாலும் அவரை நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் அந்தப் பெரிய புயல். எங்கள் வட்டாரத்தில் ஷீட்டுகள் காகிதம் மாதிரி பறந்தன. எங்கள் தெருவில் ஒன்றுகூட அசையவில்லை. ஒரே ஒரு தவறுதான் நடந்தது. என் வீடு மூலை வீடு. கூரை மேல் போட்ட கயிற்றின் ஒரு முனையைக் கட்ட அந்தப் பக்கம் மரமும் இல்லை, கம்பமும் இல்லை. தெருவில் இருந்ததிலேயே கனமான பொருளைத் தேடி, அதில் கட்டினார். அது தண்ணீர் லாரி. புயல் ஓய்ந்த மறுநாள் காலை டிரைவர் வந்து ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். என் வீடு "கிர்ர்ர்" என்றது. ஆலங்கட்டியார் வாயில் பல்பொடி நுரையோடு, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு லாரிக்கு எதிரே ஓடி வந்து நின்றார்.

"நிறுத்துயா! ஊட்ட எங்கயா இட்டுக்கினு போற?"

அந்த மாதிரி ஒரு கேள்வியை அந்த டிரைவர் அதற்கு முன்னால் யார் வாயிலிருந்தும் கேட்டிருக்க மாட்டார்.

ஆலங்கட்டியார் வீட்டை ஒட்டிப் புதிதாக வந்த ஃப்ளாட்டில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் குடியிருக்கிறார். ஐ.டி.யில் வேலை. புதுக் கார் வாங்கி நிறுத்தியிருந்தார். ஒருநாள் மேற்கே கருமேகம் கூடியது. மறுநாள் காலை அவசரமாக ஆபீசுக்குக் கிளம்பி வந்தவர் பார்த்தால், காரைக் காணவில்லை. கார் இருந்த இடத்தில் இலவம்பஞ்சு மெத்தையும் சாக்குகளும் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு பெரிய பொட்டலம் இருந்தது.

"என்ன சார் இது? வண்டிய என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"கண்ணாடி பத்ரம், தம்பி. ஆலங்கட்டி உழுந்தா அப்பளம்."

"மழையே பெய்யலையே சார்!"

"அத்த நான் இன்னா பண்றது? மேகத்தப் போயி கேளு."

முடிச்சு அவிழ்க்கவே அரை மணி நேரமானது. அதற்குத் தம்பி பழி வாங்கினார். ஏப்ரல் முதல் தேதியன்று கன்னியம்மாவின் மீன் பெட்டியிலிருந்து ஐஸை உடைத்து வாங்கி, ஃப்ளாட் மாடியிலிருந்து ஆலங்கட்டியார் கூரையில் கொட்டினார். வலையில் துள்ளி வாசலில் தடதடவென்று சிதறியது.

அவர் வெளியே ஓடி வந்ததை நான் பார்த்தேன். அந்த மாதிரி மலர்ந்த முகத்தைக் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. ஒரு துண்டை எடுத்தார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்கு அருகே கொண்டு போனார். மீன் வாசனை.

அவர் திட்டவில்லை. துண்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாடியில் சிரிப்புச் சத்தம் பாதியில் நின்றது. அந்தக் கத்திரிக்குச் சோதனைக்கு வந்தார், போல்ட்டைத் தட்டினார், வலையை இழுத்துக் கட்டினார். கதை மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்கிற துணிச்சல் தெருவில் யாருக்கும் இல்லை.

இப்படி இருக்கும்போது திண்டிவனத்தில் அவர் மனைவி வழியில் ஒரு கல்யாணம். தெருவை விட்டு எங்கேயும் போகாதவர், தட்ட முடியாமல் போனார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், தார் உருகுகிற வெயில் திடீரென்று மங்கியது. சில்லென்று ஒரு காற்று. அப்புறம் பெய்தது.

பொய்யில்லை. ஆலங்கட்டி! கோலிக்குண்டு அளவில் வெள்ளை வெள்ளையாக விழுந்து, பச்சை வலையில் பொரி மாதிரி துள்ளித் தெருவில் தெறித்தது. திருநெல்வேலித் தம்பி கட்டிலிலிருந்து மெத்தையை உருவிக்கொண்டு, தலையில் அடி வாங்கியபடி காருக்கு ஓடினார். வெயிலில் காய்ந்து போயிருந்த கன்னியம்மாவின் பாத்ரூம் ஷீட்டில் இரண்டு ஓட்டை. வலை கட்டியிருந்த வீடுகளில் ஒரு கீறல் இல்லை.

எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. ஐயோ, அவர் இல்லையே!

தம்பி போன் செய்தார். "சார், ஆலங்கட்டி மழை சார், நிஜமா!"

"ம். மீனு ஐஸு பொட்டில இன்னும் மிச்சம் கீதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன், படம் அனுப்ப முடியாது. வந்த பிறகு காட்டினாலும் நம்ப மாட்டார். "போனுல சிங்கத்தயே மவுண்ட் ரோட்ல நடக்க உடுறானுங்க" என்பார்.

ஒரு கட்டியைக் கையில் வைத்துக் காட்டினால்தான் உண்டு. இருந்ததில் பெரியதை எடுத்து எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு என் ஃப்ரிட்ஜில் வைத்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காற்றில் மரக்கிளை ஒடிந்து வயரில் விழுந்துவிட்டதாம். மறுநாள்தான் வரும் என்றார்கள். ஃப்ளாட்டில் இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்குத் தாங்காது. சம்புடத்தைத் திறந்து பார்த்தால் கட்டி இளைக்க ஆரம்பித்திருந்தது.

"இனிமே என் மீன் பொட்டிதான்," என்றாள் கன்னியம்மா. "ஐஸும் உப்பும் கீது. நாளைக்கி வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும்."

வேறு வழியும் இல்லை, அதைவிட மோசமான வழியும் இல்லை.

அன்று விற்க வைத்திருந்த மீனையெல்லாம் கன்னியம்மா வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டாள். பெட்டியைப் புளி போட்டுக் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, வேப்பிலை போட்டுத் தேய்த்து, புது ஐஸ் நிரப்பினாள். சம்புடத்தின் மேல் கவர் மேல் கவராகச் சுற்றினோம். மீன் மட்டும் போனது. வாசனை போகவில்லை. போதாததற்குத் தெரு முழுவதும் மீன் குழம்பு கொதித்தது.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு நின்றவரிடம் நான் சம்புடத்தை நீட்டினேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"மறுபடியுமா?"

"அண்ணாத்தே, எம் புள்ளைங்க மேல சத்தியமா..."

"நீ பேசாத, கன்னியம்மா."

"சார், நான் சொல்லுதேன்..."

"நீ பேசவே பேசாத." என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. பொய் சொல்ற அளவுக்கு நீ என்னிக்குமே பேசுனது இல்ல."

தெருவே என் வாயைப் பார்த்தது.

"உங்க வலையிலதான் விழுந்துச்சுங்க. ஷீட்டு... ஷீட்டுல ஒரு கீறல் இல்ல. மீன் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும். இது வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கு. நீங்களே பாருங்க."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

திறந்தார். பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நடுவில் வெள்ளை, சுற்றி ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று.

"நான் இத்தப் பாத்ததே இல்ல, தம்பி," என்றார்.

கன்னியம்மா வாயைப் பிளந்தாள். "அப்ப அந்தத் தேங்கா?"

"நான் அப்ப பச்சக் கொழந்த. ஓடு ஒடஞ்சி உழுந்துகினே இருந்துச்சாம். எங்கம்மா என்னிய அண்டாக்குள்ள வெச்சிட்டு, மேல குனிஞ்சிகினே நின்னுச்சாம். கடைசி வரிக்கும் அதும் முதுவுல தழும்பு இருந்துச்சு. எவ்ளோ பெருசும்மா உழுந்துச்சுன்னு கேட்டேன். நெல்லிக்கா சைஸுதான்டான்னுச்சு." கட்டி உருகி விரலிடுக்கில் வழிந்தது. "நெல்லிக்கா உழுந்தா அம்மாந் தழும்பு வருமா? அது கொறச்சி சொல்லிச்சி. நான் ஏத்திச் சொன்னேன்."

கட்டி முழுவதும் கரைந்ததும் ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். பிறகு எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கன்னியம்மா, உன் பாத்ரூம்ல இன்னா வெளிச்சம் வருது? நான் கட்டுன வலை எங்க? ஏணிய எட்தா!"

போன வாரம் டீக்கடையில் நின்றிருந்தேன். ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். ஆலங்கட்டியார் இரண்டு கைகளையும் அகட்டி வைத்திருந்தார்.

"நம்ம தெருவுலதான் உழுந்துச்சு. ஒண்ணொண்ணும் தேங்கா சைஸு. வேணுன்னா இந்தத் தம்பியக் கேளு. பொய்யே சொல்லாத ஆளு."

புதியவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க. தேங்காய்தான்," என்றேன். "மட்டை உரிக்காதது."

நாக்கு குழறவே இல்லை.